கடைசி வசனத்துக்கு முன் ஒரு மௌனம்

4 பிப்ரவரி 2025, செவ்வாய்

வசனம் எனக்கு மறந்துபோகவில்லை.

ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். இங்கேயாவது சரியாக எழுதிவைக்கிறேன்.

‘மலைச்சாரல்’ இதழ் இன்று தபாலில் வந்தது. எங்கள் ‘வரப்பு’ நாடகத்துக்கு அருணகிரி விமர்சனம் எழுதியிருக்கிறார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவண்ணாமலையில் எங்கே திரை விலகினாலும் முன் வரிசையில் இருப்பார். கீதாஞ்சலியின் கடைசி உரையை ஒரு பத்தி முழுக்கப் புகழ்ந்துவிட்டு இப்படி முடித்திருக்கிறார்: “மூத்த நடிகை திருமதி உண்ணாமலை இறுதிக் காட்சியில் தம் வசனத்தை மறந்து நின்றது நாடகத்தின் உச்சத்தைக் குலைத்தது. முதுமையை மன்னிப்போம்.”

மன்னிக்கிறாராம்.

நடந்தது இது. நாடகத்தில் மழை அடித்து ஓடை உடைகிறது. சுடுகாட்டுக்குப் போகிற வழி அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மிச்சமிருக்கும் ஒரே வழி, தையல்நாயகி என்ற நிலக்காரியின் வேர்க்கடலைக் காடு, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டைக் காடு. காய் பிடிக்கிற சமயம். பாடையும் அதன் பின்னால் ஊரும் நடந்தால் பயிர் போய்விடும். போதாததற்கு, செத்தவர் அவள்மேல் வழக்குப் போட்டுத் தோற்றவர். அவர் மகள் பொன்னி பாதை கேட்டு வருகிறாள். நீளமாகப் பேசுகிறாள். பேசி முடித்ததும் தையல்நாயகி “பாதை விட்டேன்” என்கிறாள். திரை.

தையல்நாயகி நான். ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிற கீதாஞ்சலி பொன்னி. கல்லூரியில் வரலாறு நடத்தும் அருணாதேவி எழுதியது. கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மாறன் இயக்கம். குழுவுக்கு ‘ஏழு மணி நாடகக் குழு’ என்று பெயர். இதுவரை ஒரு நாடகமும் ஏழு மணிக்குத் தொடங்கியதில்லை.

நான் சொல்லவேண்டியது இரண்டு சொல். வேலூர் கான்வென்ட்டில் ஒவ்வொரு வருடமும் பேச்சுப் போட்டியில் மெடல் வாங்கியவள், இரண்டு சொல்லை மறந்துவிட்டேன் என்கிறார்கள்.

நான் சும்மா இருந்தேன். வேண்டுமென்றே இருந்தேன். பொன்னி பேசியது என்னிடம் இல்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களிடம் பேசினாள். “மண்ணுக்கு வேலி போட்டீர்கள், மரணத்துக்கு வேலி போட முடியுமா?” என்றாள். கைதட்டல். “காடு உங்களுடையது, காற்று யாருடையது?” மறுபடி கைதட்டல். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான், தையல்நாயகி, நினைத்துக்கொண்டேன்: காற்றைப் பற்றி யாரடி கேட்டது? என் பயிருக்கு என்ன பதில்? அதற்கு ஒரு வார்த்தை இல்லை. பதில் வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதற்குள் மாறன் மேடையின் பக்கவாட்டிலிருந்து “பாதை விட்டேன், பாதை விட்டேன்” என்று குசுகுசுத்தது மண்டபம் முழுக்கக் கேட்டது. பிணமாகப் படுத்திருந்த ஆட்டோ மணி பிறகு சொன்னான்: “நானே பொணம் வக்கீலம்மா. எனக்கே கேட்டுச்சு.” வக்கீல் மனைவி என்பதால் ஊருக்கு நான் வக்கீலம்மா.

கீதாஞ்சலியின் உதடு நடுங்க ஆரம்பித்ததைப் பார்த்துத்தான் அந்த இரண்டு சொல்லைச் சொன்னேன். சொன்னது அந்தப் பெண்ணுக்காக. பொன்னிக்காக அல்ல.


5 பிப்ரவரி, புதன்

மகன் பாலாஜி பெங்களூரிலிருந்து பேசினான். யாரோ விமர்சனத்தைப் படம் எடுத்து அவன் ஃபோனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இந்த ஊரில் அதற்கெல்லாம் ஆள் பஞ்சமே இல்லை.

“நீ மறக்கலைனு நீ சொல்ற. மறக்கறவங்க எல்லாரும் அப்டித்தாம்மா சொல்வாங்க.”

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஆம் என்றால் மறதி. இல்லை என்றாலும் மறதி. அவன் அப்பா இருந்திருந்தால் இந்தக் கேள்வியையே கேட்கக்கூடாது என்று எழுந்து நின்றிருப்பார்.

பெங்களூரில் ஒரு ஞாபக மறதி டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டானாம். சிவராத்திரி முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு போய்விட வேண்டுமாம். தனியாக இருப்பது போதுமாம். கேஸை அணைக்க மறந்தால் யார் பொறுப்பு என்கிறான்.

பே கோபுரத் தெருவில் இந்த வீட்டை அவர் கட்டினார். அவர் போன பிறகு நான்கு வருடமாக நான் தனியாக நடத்துகிறேன். ஒரு நாளும் பால் பொங்கி அடுப்பில் வழிந்ததில்லை. இப்போது ஒரு மௌனத்துக்காக வீட்டைப் பூட்டச் சொல்கிறான்.

நாடகத்துக்கு வா, 23-ம் தேதி கீழ்பென்னாத்தூரில் இரண்டாவது முறை போடுகிறோம், பார்த்துவிட்டுப் பேசு என்றேன். வருகிறேன் என்றான். வரும்போதே பெட்டிகளையும் கொண்டுவருகிறானாம், சாமான் கட்ட.


7 பிப்ரவரி

மறந்தேனா?

சமையலறையில் நின்று முழு நாடகத்தையும் சொல்லிப் பார்த்தேன். என் வசனம், பொன்னி வசனம், பூசாரி வசனம், எல்லாம். பிணத்துக்கு வசனம் இல்லை, இருந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

மறக்கலை. ஒரு எழுத்துக்கூட மறக்கலை. எதுக்கு நான் எனக்கே பரீட்சை வெச்சுக்கறேன்? அந்த மனுஷன் ரெண்டு வரி எழுதினா நான் அடுப்படியில நின்னு நிரூபிக்கணுமா?


9 பிப்ரவரி, ஞாயிறு

ஒத்திகை. செங்கம் சாலையில், ஆசிரமம் தாண்டி ஒரு காபிக் கடையின் மாடி. ஞாயிறு பிற்பகலில் கடைக்காரர் இடம் தருகிறார். பதிலுக்கு நாங்கள் எல்லோரும் அவரிடம்தான் காபி குடிக்கவேண்டும். அது காபியும் இல்லை.

கீதாஞ்சலி உரையைச் சொன்னபோது மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு வெளிநாட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அருணாதேவி உடனே என் பக்கம் திரும்பினார். “பாருங்கம்மா. பாஷை தெரியாதவங்களே அழறாங்க.”

“பாஷை தெரியாதவங்களை அழவெச்சது நீங்க எழுதின வாதம் இல்ல. கீதாஞ்சலியோட தொண்டை.”

அருணாதேவி முகம் சுண்டிப்போனது. நான் சொன்னது சரி. சரியானதை அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டுமா என்பது வேறு விஷயம். எனக்கு வேறு விஷயங்கள் வராது.

பிறகு நின்று நிதானமாகச் சொன்னேன். பேச்சுப் போட்டியில் பேசுவது வேறு. அங்கே எதிரே கூட்டம்தான் இருக்கும். கூட்டத்தின் தலைக்கு மேலே ஒரு புள்ளியைப் பார்த்துப் பேசு என்று எங்கள் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். நானும் அப்படியே பேசி மெடல் வாங்கினேன். மேடை நாடகத்தில் எதிரே ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் ஒரு பொருள் இருக்கிறது. அதை அவள் கையிலிருந்து வாங்கவேண்டும். கோர்ட்டிலும் இதேதான். பின்பெஞ்சில் கட்சிக்காரரின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகப் பேசுகிற வக்கீலுக்குப் பேர் கிடைக்கும், கேஸ் போய்விடும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அருணாதேவி விட்டுக்கொடுக்கவில்லை. அவர் சொன்னதையும் நேர்மையாக எழுதவேண்டும். “அந்தப் பொம்பளை மனசு மாறணும்னு எனக்கு ஒண்ணும் ஆசை இல்லம்மா. பாக்க வந்தவங்க மனசு மாறணும். அதுக்குத்தான் எழுதினேன்.”

இது நல்ல வாதம். வீட்டுக்கு வருகிற வரை ஆட்டோவில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பதில் பே கோபுரம் திரும்பும்போது கிடைத்தது. கைதட்டுகிறவன் ஏற்கெனவே சம்மதித்தவன். மாறவேண்டியவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் பார்ப்பது பொன்னியை அல்ல, தையல்நாயகியை. அவள் தன் ஆள் என்று அவனுக்குத் தெரியும். அவள் காரணமில்லாமல் இளகினால், இது நாடகம் என்று எழுந்து போய்விடுவான். அவளிடம் பதில் சொல்லமுடியாத ஒன்றைச் சொல்லி அவளை இளக்கினால், அவனும் கையை அவிழ்ப்பான்.

ஆனால் அருணாதேவி கடைசியாகச் சொன்னது இன்னும் குத்துகிறது. “நீங்க தையல்நாயகி இல்லம்மா. நடிக்க வந்திருக்கீங்க. ஒத்துக்கறதுதான் உங்க வேலை.”

அப்படியா? எழுதியதைச் சொல்வது என் வேலை. சரி. எழுதாத காரணத்தை நான் எங்கிருந்து கொண்டுவருவது?


12 பிப்ரவரி

பௌர்ணமி. தெரு முழுக்கக் கிரிவலக் கூட்டம். வாசலில் யாரோ கழற்றிவிட்ட செருப்பு ஒரு குவியல். ஒத்திகை இல்லை. நிம்மதி.


16 பிப்ரவரி, ஞாயிறு

மாறன் என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தட்டி வைத்திருக்கிறான். தட்டிக்குப் பின்னால் பூஜா. கல்லூரியில் படிக்கிற பெண், நல்ல பெண். அவள் வேலை, என் வசனம் வரும்போது என் முதுகில் அதைச் சொல்வது.

“ஒரு சப்போர்ட்டுக்குத்தாம்மா.”

தட்டிக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தால், அங்கே யாரடி என்று மேடையிலேயே சத்தமாகக் கேட்பேன் என்றேன். தையல்நாயகி வீட்டில் ஆள் ஒளிந்திருந்தால் அவள் கேட்காமல் இருப்பாளா? மணி பாடையில் படுத்துக்கொண்டே சிரித்தான். பாடை ஆடியது.

மாறன் தட்டியை எடுத்துவிட்டான். எடுத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, இன்னொன்றைச் சொன்னான். என் வசனங்களைப் பூஜாவையும் படிக்கச் சொல்லியிருக்கிறானாம். கீழ்பென்னாத்தூரில் எல்லாம் நல்லபடியாக நடந்தால் பிரச்சினை இல்லை. “அங்கயும் அந்த மாதிரி ஆச்சுன்னா, அடுத்த ஷோலேருந்து அது பண்ணட்டும்மா. தலைக்கு வெள்ளை அடிச்சிக்கலாம்.”

ஆக, கீழ்பென்னாத்தூரில் ஒரு முறை. அதில் நான் சும்மா இருந்தால் மேடை போகும். மகன் பார்த்துக்கொண்டிருப்பான், வீடும் போகும். சும்மா இராமல் சட்டென்று “பாதை விட்டேன்” என்றால் எல்லாம் எனக்கே. எவ்வளவு சுலபம். இரண்டு சொல்.

கீதாஞ்சலி படியிறங்கும்போது என்னோடு வந்தாள். ஒத்திகையில் என் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். இன்று கேட்டாள்: “நான் என்ன சொன்னா நீங்க ஒத்துப்பீங்க வக்கீலம்மா?”

அதை நான் சொன்னால் அது என் வாதம் ஆகிவிடும் என்றேன். என் பயிருக்கு ஒரு பதில் வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

“நீங்க ரொம்ப ஜாஸ்தி கேக்கறீங்க.”

“கம்மியா கேட்டா கம்மியாதான் கிடைக்கும்.”

கோபமாகப் போனாள். போகட்டும். அவள் கோபத்தில் நடந்தபோது கழுத்து நிமிர்ந்திருந்தது. மேடையில் அப்படி நடக்கமாட்டேன் என்கிறாள்.


22 பிப்ரவரி, சனி

பாலாஜி வந்துவிட்டான். டிக்கி நிறைய மடித்த அட்டைப் பெட்டிகள். வந்ததும் சமையலறைக்குப் போய் கேஸ் குழாயைத் தொட்டுப் பார்த்தான். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.


24 பிப்ரவரி, திங்கள்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதவேண்டும். எழுதும்போது கை கொஞ்சம் வேகமாகப் போகிறது. போகட்டும்.

கீழ்பென்னாத்தூரில் மண்டபம் நிறைந்திருந்தது. மண்டபத்தை இலவசமாகக் கொடுத்தவர் ராஜமாணிக்கம். வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர், பெரிய மனிதர். அவர்தான் சிறப்பு விருந்தினர். ஏழு மணி நாடகம் ஏழே முக்காலுக்குத் தொடங்கியது. அருணகிரி முன் வரிசையில். பாலாஜி அவருக்கு நான்கு நாற்காலி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு.

கடைசிக் காட்சி வந்தது. பொன்னி வழக்கம்போல எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசத் தொடங்கினாள். மரணத்துக்கு வேலி. கைதட்டல். காற்று யாருடையது. கைதட்டல், ஒரு விசில். நான் நாற்காலியில் இருக்கிறேன். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. இரண்டு சொல்லைச் சொல்லிவிடுவதா என்று அப்போதும் நான் முடிவு செய்யவில்லை. இதை எனக்கு நானே ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்: பாலாஜியின் கட்டிய கையைப் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அப்போது ராஜமாணிக்கம் மேடை ஏறினார்.

அவருக்கு அவலூர்பேட்டையில் ஒரு வரவேற்புக்குப் போகவேண்டியிருந்ததாம். முடியும்வரை இருக்கமுடியாது. பொன்னாடை வாங்கி வைத்தாயிற்று, போர்த்தாமல் போகமுடியுமா? உரை இன்னும் பாதி மீதி இருக்கிறது. நடுவில் ஒருவர் மைக்கைப் பிடித்து, “நம் அண்ணன் அவர்கள் தங்கை கீதாஞ்சலிக்கு இப்போது பொன்னாடை அணிவிப்பார்கள்” என்றார். இந்தப் பக்கத்தில் இது ஒன்றும் புதிதில்லை. கூத்து நடுவில் அன்பளிப்புச் சொல்வார்கள், கச்சேரி நடுவில் மாலை போடுவார்கள். ஆனால் அப்பன் பிணம் வாசலில் கிடக்கும்போது?

பச்சை நிறம், ஜரிகைக் கரை. போர்த்தினார். ஃபோட்டோக்காரர் எல்லோரையும் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். பூசாரி பார்த்தார். பிணம்கூடத் தலையைத் திருப்பியதாக எனக்குச் சந்தேகம். “அம்மா, ஸ்மைல்” என்றார் என்னிடம். நான் திரும்பவில்லை. தையல்நாயகிக்கு இவர்கள் யாரையும் தெரியாது.

ராஜமாணிக்கம் இறங்கினார். பொன்னி பொன்னாடையோடு நடுமேடையில் நின்றாள். விட்ட வரி அவளுக்குப் பிடிபடவில்லை. மறந்தவள் அவள்தான், பாவம். கண் அலைந்தது. மண்டபத்தில் பேச்சும் சிரிப்பும் தொடங்கிவிட்டன. மேடையின் பக்கவாட்டில் மாறன் இரண்டு கையாலும் எனக்குச் சாடை காட்டினான்: சொல்லிடுங்க, முடிச்சிடுங்க.

நான் வாயைத் திறந்தேன். வந்தது அது இல்லை.

“பொன்னி. உனக்கு மரியாதை பண்றவங்க நெறைய பேரு இருக்காங்க போலக்குது. அவங்க நெலத்து வழியா எடுத்துட்டுப் போயேன்.”

அருணாதேவியின் எழுத்தில் இப்படி ஒரு வரி கிடையாது. மண்டபம் அடங்கியது. கீதாஞ்சலி முதலில் பழக்கத்தில் ஜனங்களைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள். இத்தனை மாதத்தில் மேடையில் முதல் முறையாக என் கண்ணைப் பார்த்தாள். கோபம். அந்தக் கழுத்து நிமிர்ந்தது.

பொன்னாடையை உருவினாள். போய் அப்பன் மேல் போர்த்தினாள். கோடித் துணி போர்த்துவதுபோல, கால்மாட்டில் இழுத்து, ஓரத்தை உள்ளே செருகி. என் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

“அப்பா உங்க மேல கேஸு போட்டாரும்மா. தோத்தாரு. தோத்துட்டு வந்த அன்னிக்கு ஒண்ணு சொன்னாரு. அந்தம்மா வரப்பு மட்டும் கோணாம இருக்கும், கண்ணை மூடிட்டு நடக்கலாம்னாரு.”

நான் அசைந்தேன். நிஜமாகவே நாற்காலியில் அசைந்தேன்.

“உங்க மல்லாட்டைச் செடி மேல ஒரு கால் படாது. தோள்ல தூக்கினாத்தானே நாலு பேரு அகலம் வேணும்? கையில தூக்கறோம். முன்னால ஒரு ஆளு, பின்னால ஒரு ஆளு. வரப்பு மேலயே போயிடறோம். ஊரு ஓடைக்கு அந்தப் பக்கமே நிக்கட்டும். நானும் நிக்கறேன்.”

மகள் கூடப் போகமாட்டாளாம். என் பயிருக்காக.

இத்தனை நாள் நான் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. பதிலோடு, கேட்காத ஒன்றையும் கொடுத்தாள். இதற்கு மேல் தையல்நாயகியிடம் என்ன இருக்கிறது? வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. “பாதை விட்டேன்” என்பது அப்போது ரொம்பப் பெரிய சொல்லாக, தர்மம் போடுகிற சொல்லாகப் பட்டது. நான் சொன்னது:

“வரப்பு வழுக்கும். நீயும் கூடப் போ. பாத்துப் போங்க.”

திரை விழுந்தது. கைதட்டல் உடனே வரவில்லை. அந்த இடைவெளியை நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். எந்த மெடலும் அப்படி இருந்ததில்லை.

பிறகு வந்தது. வரவேண்டிய அளவுக்கு வந்தது.

உள்ளே கீதாஞ்சலி சுவரில் சாய்ந்து நின்றாள். அடி அண்ணாமலைக் கிராமத்தில் அவள் தாத்தாவை மழைக்காலத்தில் அப்படித்தான் கொண்டுபோனார்களாம், கையில், வரப்பு மேல். “நீங்க அப்டிக் கேக்கலைன்னா எனக்கு ஞாபகமே வந்திருக்காதும்மா” என்றாள். பிறகு, “ஆனா உங்களை அந்த நிமிஷம் கொன்னுடலாம்னு இருந்துச்சு” என்றாள். நியாயம்தான்.

பாலாஜியோடு காரில் திரும்பினேன். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது கேட்டான். “அந்தப் பொன்னாடை வந்தது எழுதின நாடகத்துலயே இருந்துச்சாம்மா?”

“இல்லை.”

“நீ அதுக்குச் சொன்னது?”

“அதுவும் இல்லை.”

கேட் திறந்தது. “அப்பா கோர்ட்ல இப்டித்தான் பண்ணுவாருன்னு சொல்வாங்க” என்றான். அவ்வளவுதான்.


25 பிப்ரவரி

பாலாஜி காலையில் கிளம்பினான். பெட்டிகளை டிக்கியிலிருந்து இறக்கவே இல்லை.


27 பிப்ரவரி, வியாழன்

ராஜமாணிக்கத்துக்குக் கோபமாம். மாறன் வந்து சொன்னான். “நான் உசுரோட இருக்கறவங்களுக்குப் போட்டது. பொணத்து மேல போட்டுட்டாங்களே” என்கிறாராம். மணி போய் அவர் முன்னால் நின்று, “நானும் உசுரோடதான்ணே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் இறங்கி, தன் பொன்னாடை வந்த பிறகுதான் நாடகமே பிடித்தது என்று மண்டியில் எல்லோரிடமும் சொல்கிறாராம். பொய்யும் இல்லை.

மாறன் போகும்போது, பூஜாவுக்கு வேறு வேஷம் பார்த்திருப்பதாகச் சொன்னான். வெள்ளை அடிக்கவேண்டியதில்லை என்றான்.


5 மார்ச், புதன்

‘மலைச்சாரல்’ வந்தது. அருணகிரி எழுதுகிறார்: “திருமதி உண்ணாமலை இம்முறை வசனங்களைச் செவ்வனே மனப்பாடம் செய்து வந்திருந்தது பாராட்டுக்குரியது.”

எழுதப்படாத வசனத்தை மனப்பாடம் செய்து வந்தேனாம்.

மறுப்பு எழுதப் பேனாவை எடுத்தேன். மூடி வைத்துவிட்டேன். முன் வரிசையில் உட்கார்ந்தும் அந்த மனிதருக்கு ஒரு பேச்சு யாரை நோக்கிப் போகிறது என்று தெரியவில்லை என்றால், நான் எழுதியா தெரியப்போகிறது? பாலாஜி ஃபோனில் படித்துவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்தது போதும்.


9 மார்ச், ஞாயிறு

அருணாதேவி நேற்று வீட்டுக்கு வந்தார். சேத்துப்பட்டில் ஒன்று, வந்தவாசியில் ஒன்று, இன்னும் இரண்டு இடத்தில் கேட்கிறார்கள். கடைசிக் காட்சியைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்திருந்தார். பொன்னாடை, தையல்நாயகி கேலி, போர்த்துவது, தரையில் உட்காருவது, அப்பன் சொன்னது, வரப்பு வழுக்கும்: எல்லாம் அப்படி அப்படியே. என் வாயிலிருந்து வந்ததைத் திரும்ப என் கையில் கொடுத்து, படித்துக்கொள்ளுங்கள் என்றார். முதல் முறையாக, கொஞ்சம் தயங்கி, “நீங்க சொன்னது சரிம்மா” என்றார்.

எனக்குச் சந்தோஷம்தான். மறைக்கவில்லை. ஆனால் அவர் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்குள் ஒன்றும் அசையவில்லை. ஒரு முறை இளகிய காரணத்தை எழுதிவைத்தால் மறு முறை அதே இடத்தில் தையல்நாயகி எப்படி இளகுவாள்? தெரிந்தே ஏமாறுகிறவள் ஆகிவிடுவாள். ஜனங்களும் அப்படித்தான் ஆவார்கள்.

இன்று காலை அவருக்கு எழுதி, மாறனிடம் கொடுத்தனுப்பினேன். அதன் வாசகம்:

“அருணாதேவி அவர்களுக்கு,

திருத்திய காட்சி படித்தேன். நன்றாக இருக்கிறது. இதை நான் நடிக்கமாட்டேன்.

பொன்னாடையை எடுத்துவிடுங்கள். அது அன்று ராஜமாணிக்கம் கொடுத்தது, நாமே வாங்கிப் போட்டால் வேஷம். பொன்னி என்னைப் பார்த்து உட்காரட்டும். அதற்கு மேல் அவளுக்கு வசனம் எழுதவேண்டாம். அப்பாவின் வழக்கு, என் பயிர், ஓடை, பாடை இவை நான்கும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு ஊரிலும் அவளே பேசட்டும். அவளால் முடியும். நான் எதிரே இருந்து பார்த்தவள்.

எனக்கும் கடைசி வசனம் எழுதவேண்டாம். அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். மனம் வந்தால் சொல்வேன். சுலபத்தில் வராது என்று கீதாஞ்சலிக்குத் தெரியும். ஏதாவது ஓர் ஊரில் வராமலே போனால் அன்று பாதை கிடைக்காது, பிணம் மேடையிலேயே கிடக்கும், திரை விழும். ஜனங்கள் அதையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.

மாறனுக்குப் பயமாக இருக்கும். நீங்கள் எழுதியவர், நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

இதற்கு உங்களுக்குச் சம்மதமா, இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தரவும்.

உண்ணாமலை”